குப்பைக் கூடையில் ஒரு மாணவன்



சிறுவர் இலக்கியம் பற்றி இந்தத் தொடரில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று கேட்கப்பட்டபோது சற்றுத் தயங்கினேன். சிறுவர் இலக்கியம் என்றதும் எங்களில் பலர் பஞ்சதந்திரத்தில் தொடங்கி ஈசாப்பில் இறங்கி, பிறகு ஒரு பெருமூச்சோடு 'எங்களிடம் சிறுவர் நூல்கள் போதாது' என்று முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பாதையில் நான் இன்று போகவில்லை. ஒரேயொரு கதையை எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு விடுமுறைக் கதை. நத்தார் விடுமுறைக்கு முந்திய சில நாட்களில் ஒரு விடுதிப் பாடசாலையில் நடப்பது. பெயர் 'பறக்கும் வகுப்பறை'. எழுதியவர் ஜேர்மானியரான எரிஹ் கெஸ்ட்னர். நூல் வெளிவந்தது 1933 ஆம் ஆண்டில்.

வெண்பனியைக் கண்ணால் காணாத எங்களுக்குப் பனி கொட்டும் நத்தார் கதை எதற்கு என்று கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், கெஸ்ட்னரே அந்தக் கதையைப் பனியில் இருந்து எழுதவில்லை. நூலின் முன்னுரையில் அதைச் சொல்கிறார். கோடை வெயில் சுட்டெரிக்கும்போது, நத்தார் கதையை எப்போது எழுதப்போகிறாய் என்று தாயார் நச்சரிக்கிறார். கடைசியில் அவர் ஜேர்மனியின் மிக உயர்ந்த மலையான சுக்ஸ்பிட்ஸவின் அடிவாரத்துக்குப் போகிறார். 2962 மீற்றர் உயரமான அந்த மலையின் உச்சியில் கோடையிலும் பனி கிடக்கும். புல்வெளியில் மேசை போட்டு உட்கார்ந்து, எழுத்து ஓடாத நேரத்தில் உச்சியை அண்ணாந்து பார்த்துக் குளிரை வரவழைத்துக்கொண்டாராம். ஒரு கன்றுக்குட்டியும் ஒரு வண்ணத்துப்பூச்சியும் அவரைப் பார்க்க வந்து போகின்றன. சிறுவர் நூலுக்கு முன்னுரை எழுதுவதென்றால் இப்படியல்லவா எழுத வேண்டும்!

ஆனால் அந்த முன்னுரை வெறும் விளையாட்டில்லை. அதற்குள் ஒரு சண்டையும் இருக்கிறது. பிள்ளைகள் எந்நேரமும் மகிழ்ச்சியில் துள்ளிக்கொண்டிருப்பதாக எழுதும் சிறுவர் நூலாசிரியர்களோடு கெஸ்ட்னர் சண்டை பிடிக்கிறார். வளர்ந்தவர்கள் தங்கள் இளமையை இவ்வளவு சுலபமாக எப்படி மறக்கிறார்கள் என்று கேட்கிறார். பொம்மை உடைந்ததற்காக அழுதாலும் சரி, நண்பனை இழந்ததற்காக அழுதாலும் சரி, பிள்ளையின் கண்ணீர் பெரியவரின் கண்ணீரைவிடப் பாரம் குறைந்ததல்ல என்பது அவருடைய வாதம். எங்கள் சிறுவர் கதைகளைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லலாம். எங்கள் கதைகளில் பிள்ளை அழுவான், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் பொய் சொன்னதற்காகவோ களவெடுத்ததற்காகவோ அழுவான். குற்றம் செய்யாத பிள்ளை அழுகின்ற கதைகள் எங்களிடம் குறைவு.

ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1899 இல் ட்றெஸ்டன் நகரில் பிறந்தவர். தாயார் வீட்டிலேயே சிகை அலங்காரத் தொழில் செய்து மகனைப் படிக்கவைத்தார். 1929 இல் வெளிவந்த 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்ற நூல் அவரை உலகறியச் செய்தது. 1933 மே 10 ஆம் திகதி பேர்ளினில் நாஸிகள் நூல்களைக் குவித்து எரித்தபோது அந்தக் குவியலில் கெஸ்ட்னரின் நூல்களும் இருந்தன. அவர் அந்தச் சதுக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதைப் பார்த்தார். தன்னுடைய எழுத்து எரிவதைத் தானே நின்று பார்த்த எழுத்தாளர் அவர். அதே ஆண்டு முடிவில்தான் நான் சொல்லும் இந்தச் சிறுவர் கதை வெளிவருகிறது. அதில் ஒரு பாடசாலை மாணவர்கள் மற்றப் பாடசாலையின் கொப்பிகளைப் பறித்து எரிக்கிறார்கள். வெறும் சொல்வதெழுதுதல் கொப்பிகள்தான். ஆனாலும் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது பேர்ளின் சதுக்கம் நினைவுக்கு வராமல் போகாது.

இனிக் கதைக்கு வருவோம்.

கிர்ஹ்பேர்க் என்ற ஊரில் ஆண்கள் விடுதிப் பாடசாலை ஒன்று. அங்கே ஒரே வகுப்பில் ஐந்து நண்பர்கள். மார்ட்டின் வகுப்பில் முதலாம் பிள்ளை, உதவிப் பணத்தில் படிக்கும் ஏழை. ஜொனி கதை, கவிதை எழுதுபவன். நத்தார் விழாவுக்கான 'பறக்கும் வகுப்பறை' நாடகத்தை எழுதியவன் அவனே. பூமிசாத்திரம் படிப்பிக்க ஆசிரியர் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு எரிமலைக்கும் பிரமிட்டுகளுக்கும் வடதுருவத்துக்கும் போவதுதான் நாடகம். மத்தியாஸ் குத்துச்சண்டைக்காரனாக வர ஆசைப்படுபவன், எந்நேரமும் பசி. செபஸ்தியான் நாக்கில் முள் உள்ளவன். ஐந்தாமவன் ஊலி. வகுப்பில் ஆகச் சின்னவன். பயந்த சுபாவம். நாடகத்தில்கூட அவனுக்குப் பெண் வேடம்தான் கிடைக்கிறது.

ஊலிக்கு நடப்பதுதான் இன்றைய என் உரைக்கு முக்கியம். ஒருநாள் ஆசிரியர் வருவதற்கு முன் வகுப்பு மாணவர்கள் சிலர் அவனைத் தூக்கிக் கடதாசிக் குப்பைக் கூடைக்குள் அமுக்கி, தேசப்படம் தொங்கவிடும் கொக்கியில் மாட்டி மேலே உயர்த்திவிடுகிறார்கள். கூரைக்குக் கிட்டக் கூடை ஆடுகிறது. கூடையின் விளிம்பில் ஊலியின் முகம். வகுப்பு சிரிக்கிறது. அந்த நேரம் பேராசிரியர் குரொய்ட்ஸ்காம் உள்ளே வருகிறார். சிரிக்கவே தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கத்தவில்லை. பிரம்பைத் தேடவில்லை. முழு வகுப்புக்கும் ஒரு வசனத்தைக் கொடுத்து எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார். ஒரு கெட்ட காரியம் நடந்தால் அதைச் செய்தவனோடு அதைத் தடுக்காமல் இருந்தவனும் குற்றவாளிதான் என்பது அந்த வசனத்தின் பொருள்.

1933 இல் ஜேர்மனியில் எழுதப்பட்ட வசனம் அது. அதைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதலாம். எனக்கு அந்த வசனம் வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. அதை இங்கே சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைப் பற்றி நான் பேசுவதில் நேர்மை இருக்காது.

நானும் விடுதியில் நின்று படித்தவன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வன்னிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெடியன் புதிதாக வந்து சேர்ந்தான். மெலிந்து நெடுத்த உடம்பு, நீண்ட கழுத்து. இரண்டு நாளில் அவனுக்கு 'ஓணான்' என்று பெயர் வைத்தாயிற்று. முதல் மாதம் அவனுடைய தாயார் ஒரு தகர டின் நிறையப் பொரிவிளாங்காய் செய்து அனுப்பியிருந்தார். அன்றிரவு படிப்பு நேரம் முடிந்ததும் மேல் வகுப்பு மாணவர் மூவர் அந்த டின்னை எடுத்துக்கொண்டு, அவனை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். ஓணானைப் போலத் தலையாட்ட வேண்டும். ஒரு முறை தலையாட்டினால் ஒரு பொரிவிளாங்காய் பார்வையாளரை நோக்கி எறியப்படும். நாங்கள் பதினைந்து இருபது பேர் கட்டில்களில் இருந்து ஏந்தினோம். எனக்கும் ஒன்று கிடைத்தது. நல்ல உருசி. அந்த உருசி இன்றைக்கும் நினைவிருக்கிறது என்பதுதான் என்னுடைய கரைச்சல்.

விடுதிப் பொறுப்பாசிரியர் வந்தார். அந்த மூவருக்கும் பிரம்படி விழுந்தது. எங்களைப் பார்த்து, "நீங்கள் போய்ப் படுங்கோ" என்றார். நாங்கள் நல்ல பிள்ளைகளாகப் போய்ப் படுத்தோம். அடுத்த தவணைக்கு அந்தப் பெடியன் வரவில்லை. அவனுடைய கட்டிலில் வேறொருவன் படுத்தான். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

'பறக்கும் வகுப்பறை'யை ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் வாசித்தது இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கழன்ற பிரதி. கூடைக் காட்சி வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போனேன். எங்கள் பொறுப்பாசிரியர் மூன்று பேரைத் தண்டித்தார். குரொய்ட்ஸ்காம் முழு வகுப்பையும் எழுதவைத்தார். இரண்டுக்கும் உள்ள தூரம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் நாட்டில் பகிடிவதைக்கு எதிராக 1998 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது என்பதை நேயர்கள் அறிவீர்கள். இலக்கச் சட்டம் 20. அதற்கு முன்னர் பல்கலைக்கழகங்களில் உயிர்களே போயிருந்தன. சட்டம் செய்பவனைப் பிடிக்கும், பிடிக்கத்தான் வேண்டும். ஏந்தி நின்று பொரிவிளாங்காய் தின்றவனை எந்தச் சட்டம் பிடிக்கும்? அந்த வேலையைக் கதை ஒன்றுதான் என்னிடம் செய்தது.

சரி, ஊலிக்கு என்ன நடந்தது? தன்னைக் கோழை என்று எல்லோரும் நினைப்பதை அவனால் தாங்க முடியவில்லை. எல்லோரும் மதிக்கும்படி ஏதாவது செய் என்று உயிர் நண்பன் மத்தியாஸ் நல்லெண்ணத்தோடு சொன்ன புத்தி அவன் மனதில் தைத்துவிடுகிறது. மறுநாள் வகுப்பாரை மைதானத்துக்கு அழைத்து, உடற்பயிற்சிக்கான உயர்ந்த ஏணியில் ஏறி, விரித்த குடையோடு குதித்துவிடுகிறான். குடை மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. கால் முறிகிறது.

இந்த இடத்தில் ஆசிரியரோடு எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. குதித்த பின் வகுப்பு ஊலியை மதிக்கத் தொடங்குகிறது. அவனும் பயம் தெளிந்தவனாகிறான். வாசிக்கின்ற சின்னப் பிள்ளை ஒன்று, அப்படியானால் நானும் மதிலில் ஏறிக் குதிக்கலாம் என்று எண்ணிவிட்டால்? கெஸ்ட்னர் இதை யோசிக்காதவரல்ல. மத்தியாஸ் குற்ற உணர்வில் துடிக்கிறான். எதற்கும் அஞ்சாதவன் போல நடமாடும் செபஸ்தியான், தனக்கும் பயம் உண்டு, அதை வெளியில் காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான் என்று மற்றவர்களிடம் ஒப்புக்கொள்கிறான். இந்த நூலில் மிகத் துணிச்சலான காரியம் அந்த ஒப்புதல்தான் என்பது என் எண்ணம். ஏணியிலிருந்து குதித்ததைவிடத் துணிச்சலானது. இருந்தாலும் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டும் பெற்றோர் இந்த இடத்தில் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசுவது நல்லது. இன்னொரு குறையும் சொல்ல வேண்டும்: நூலில் பெண் பிள்ளைகளுக்கு அநேகமாக இடமே இல்லை. இரண்டு பாடசாலைகளுக்கிடையிலான சண்டையும் கைகலப்பாலும் பனி உருண்டைகளாலும்தான் தீர்க்கப்படுகிறது.

அந்தச் சண்டை முடிந்து, அனுமதியின்றி வெளியே போன குற்றத்துக்காக ஐவரும் விடுதி ஆசிரியர் முன் நிறுத்தப்படுகிறார்கள். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் யூஸ்டுஸ். நீதிமான் என்று பொருள். எங்கள் பாடசாலைகளில் ஆசிரியர்களுக்கு வைக்கப்படும் பட்டப்பெயர்களை நினைத்தால் இது பெரிய மரியாதைதான். அவர் தண்டனைக்கு முதல் ஒரு கதை சொல்கிறார். இதே விடுதியில் படித்த ஒரு மாணவன். தாயார் ஆசுப்பத்திரியில். அனுமதி கேட்க நம்பிக்கையான ஒரு பெரியவர் இல்லை. களவாக ஓடிப்போய்த் தாயைப் பார்த்துவிட்டு வந்து, அடைபட்டான். மறுநாளும் அவன் தாயிடம் போவதற்காக, அவனுக்குப் பதிலாக நண்பன் அந்த அறைக்குள் போய் இருந்தான். அந்த மாணவன்தான் வளர்ந்து இதே விடுதிக்கு ஆசிரியராக வந்தவர். துன்பத்தைச் சொல்லிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர். ஆனால் அந்த நண்பனை அவர் பிற்காலத்தில் இழந்துவிட்டார். வைத்தியராக இருந்த அவன் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு எங்கோ மறைந்துபோனான்.

கதையைச் சொல்லிவிட்டுத் தண்டனையும் கொடுக்கிறார். விடுமுறைக்குப் பின் வரும் முதலாவது ஓய்வு மாலை பறிக்கப்படுகிறது. அந்த மாலையில் ஐவரும் தன்னுடைய அறைக்கு வந்து தன்னோடு கோப்பி குடிக்க வேண்டும்!

ஊர் எல்லையில், தண்டவாளத்திலிருந்து ஓய்வுபெற்ற புகையிரதப் பெட்டி ஒன்றில் ஒரு மனிதர் தனியே வசிக்கிறார். அது புகைபிடிக்காதோருக்கான பெட்டியாக இருந்தபடியால் பிள்ளைகள் அவரைப் 'புகைபிடிக்காதவர்' என்று அழைக்கிறார்கள். அவரோ நன்றாகப் புகைபிடிப்பவர். மார்ட்டினும் ஜொனியும் ஆசிரியரின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே யாரைப் பற்றிய கதை என்று ஊகித்துவிடுகிறார்கள். இரு நண்பர்களையும் அந்தப் பெட்டியின் வாசலில் எதிரெதிரே நிற்கவைத்துவிட்டுப் பிள்ளைகள் மெல்ல விலகிப் போய்விடுகிறார்கள். சேர்த்து வைத்தவர்கள் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. இந்த நுட்பத்தைப் பெரியவர்களுக்கான நாவல்களில்கூட எப்போதும் காண்பதில்லை.

கதையின் கடைசிப் பகுதி மார்ட்டினுடையது. 1932, 33 ஆம் ஆண்டுக் குளிர்காலங்களில் ஜேர்மனியில் அறுபது இலட்சம் பேர் வரை வேலையற்றிருந்தார்கள். மார்ட்டினின் தந்தையும் அவர்களில் ஒருவர். வீட்டுக்குப் போகப் புகையிரதக் காசு எட்டு மார்க். தாயிடமிருந்து கடிதம் வருகிறது. எட்டு மார்க் சேரவில்லை. ஐந்து மார்க்குக்கு முத்திரைகள் வைத்திருக்கிறேன், நத்தாருக்கு விடுதியிலேயே நில், அழாதே. மார்ட்டின் யாரிடமும் சொல்வதில்லை. அழுவதற்குத் தடை என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டு நடமாடுகிறான். மற்றவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். யூஸ்டுஸ் அவனைக் கண்டு, ஏன் போகவில்லை என்று கேட்கிறார். விடைக்காகக் காத்திருந்து, கடைசியில் தானாகவே விளங்கிக்கொண்டு இருபது மார்க்கைக் கையில் வைக்கிறார். மார்ட்டினுக்கு வாங்கத் தயக்கம். இது நத்தார் பரிசு, திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறார் ஆசிரியர். வாங்குபவனின் தலை குனியாதபடி கொடுப்பது எப்படி என்பதற்கு அந்த ஒன்றரைப் பக்கத்தைவிட நல்ல பாடம் நான் வாசித்ததில்லை. அன்றிரவு, வீட்டில் வாய்பேசாது உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பன் முன் பிள்ளை வந்து நிற்கிறான்.

எல்லாப் பிள்ளைக்கும் கெஸ்ட்னர் வீடு கொடுத்துவிடவில்லை. ஜொனியை அவனுடைய நாலாவது வயதில் தந்தை நியூயோர்க்கில் கப்பலேற்றி, பெயர் எழுதிய மட்டையைக் கழுத்தில் கட்டி ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டார். தாத்தாவும் பாட்டியும் வந்து அழைத்துப் போவார்கள் என்று கப்பல் தலைவரிடம் சொன்னார். அவர்கள் ஏற்கெனவே இறந்துவிட்டவர்கள். தந்தைக்கு அது தெரியும். அந்தக் கப்பல் தலைவர் பிள்ளையைக் கைவிடாமல் தன் சகோதரியிடம் சேர்த்தார். நத்தாருக்கு ஜொனி விடுதியிலேயே நிற்கிறான். அவன் பெரிய மகிழ்ச்சியிலும் இல்லை, பெரிய துயரத்திலும் இல்லை என்ற அளவிலேயே ஆசிரியர் அவனை விடுகிறார். நல்ல வேளை, கடைசிப் பக்கத்தில் தந்தையைத் திருந்தி வரச்செய்யவில்லை.

சென்ற டிசம்பர் விடுமுறையில் இந்தக் கதையை என் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். சின்னவன் பனி உருண்டைச் சண்டையில் துள்ளினான். மூத்தவள் பத்து வயது. மார்ட்டின் வீடு சேர்ந்த பிறகு, முடிந்த கதையை விட்டுப் பின்னுக்குப் போனாள்.

"அப்பப்பா, அந்தக் கூடையை ஏன் ஒருத்தரும் இறக்கேல்லை?"

"பயமாயிருந்திருக்கும். சிரிப்பாயும் இருந்திருக்கும்."

"நீங்கள் படிக்கேக்கையும் இப்பிடி நடந்ததோ?"

அலுமாரியையும் பொரிவிளாங்காயையும் பற்றிச் சொன்னேன். எனக்கு ஒன்று கிடைத்ததையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெடியன்ர பேர் என்ன?" என்று கேட்டாள்.

'ஓணான்' என்று வாய்வரை வந்தது. அதைத் தவிர வேறு பெயர் எனக்கு வரவில்லை. அன்றிரவு நெடுநேரம் யோசித்தும் வரவில்லை.